மீட்சிக்கு உரிய விலை
அற்புதப் புதினங்களும் அவற்றின் திரைவடிவங்களும் - ஓர் ஒப்பாய்வு

ஒரு புதினம் திரைப்படமாகும்பொழுது படித்தவர்க்கும் பார்த்தவர்க்கும் இடையே எழும் வழக்கு ஏறத்தாழ எப்பொழுதும் ஒன்றே. அந்தப் பாத்திரத்தைக் காணோம், இந்த நிகழ்ச்சியை விட்டுவிட்டார்கள் என்று படித்தவர் குறைகளை அடுக்குவார். அறுநூறு பக்கத்தை இரண்டரை மணி நேரத்தில் எவ்வாறு அடைப்பது என்று பார்த்தவர் விடையிறுப்பார். இவ்வழக்கு கணக்குத் தணிக்கையை ஒத்தது. செலவுக்குப் பற்றுச்சீட்டு இருக்கிறதா, இல்லையா என்பதோடு தணிக்கையாளரின் கேள்வி முடிந்துவிடுகிறது. அச்செலவால் யாருக்கு என்ன பயன் விளைந்தது என்பதை அவர் கேட்பதில்லை. திறனாய்வாளன் அதைத்தான் முதலில் கேட்டாக வேண்டும்.

இக்கட்டுரை அற்புதப் புதினங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இயற்கை நியதிக்கு அப்பாற்பட்ட ஓர் உலகைப் படைத்து, அவ்வுலகுக்கென நியதிகளை வகுத்து, அந்நியதிகளைக் கடைசிப் பக்கம் வரை பிறழாமல் காக்கும் புதினமே அற்புதப் புதினம் எனலாம். இவ்வகைக் கதை நமக்குப் புதியதன்று. காடாறு மாதம், நாடாறு மாதம் என்று வாழ்ந்த விக்கிரமாதித்தனின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பேசும் பதுமையும் முருங்கை மரத்து வேதாளமும் நம் பாட்டிமார் வாயில் உயிர் பெற்றவை. அந்தக் காடாறு மாதத்திலேயே இவ்வகைக் கதையின் இலக்கணம் அடங்கியிருக்கிறது. புறப்பாடு, அற்புதம், மீட்சி என அதற்கு உறுப்புகள் மூன்று. புறப்படாதவனுக்குக் கதை இல்லை. திரும்பாதவனின் கதையைச் சொல்ல ஆள் இல்லை.

இம்மூன்றனுள் முதல் இரண்டில் திரைப்படம் புதினத்தை வென்றுவிடுவதும் உண்டு. சூறாவளியும் வேதாளமும் பறக்கும் பாம்பும் கண்ணுக்கு விருந்தானவை. கேமரா அவற்றுக்காகவே பிறந்தது போலத் தோன்றும். இடறுவது மூன்றாவது உறுப்பில்தான். புதினம் மீட்சிக்கு ஒரு விலை கேட்கிறது. திரைப்படம் அவ்விலையைத் தள்ளுபடி செய்துவிடுகிறது. இக்கூற்றை மூன்று புகழ்பெற்ற எடுத்துக்காட்டுகளால் ஆராய்வோம்.

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வந்து, இந்நகரில் தமிழ்ச் சங்கம் அமைத்துக்கொண்டு வாழும் நமக்கு இவ்வாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கு அன்று. மத்திய அரசு ஊழியர் ஒவ்வொருவரும் விடுப்புப் பயணச் சலுகையின் பொருட்டுத் தம் சொந்த ஊர் எது என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். பணிக்காலம் முழுவதிலும் அதனை ஒரே ஒரு முறைதான் மாற்றிக்கொள்ள விதி இடம் தருகிறது. சொந்த ஊர் என்பது மாறாத ஒன்று என்று விதிகளை வகுத்தவர்கள் நம்பியிருக்கிறார்கள். அந்நம்பிக்கை எவ்வளவு தூரம் மெய் என்பதைத்தான் கீழ்க்காணும் நூல்களும் படங்களும் தத்தம் வழியில் பேசுகின்றன.

புதிதாகக் கட்டிய வீடு

அமெரிக்க எழுத்தாளர் ஃபிராங்க் பாம் எழுதிய 'ஓஸ் நாட்டு அற்புத மந்திரவாதி' 1900ஆம் ஆண்டில் வெளிவந்தது. கான்ஸாஸ் சமவெளியில் அத்தை, மாமாவோடு வாழும் டாரதி என்னும் சிறுமியைச் சூறாவளி வீட்டோடு தூக்கிச் சென்று ஓஸ் என்னும் அற்புத நாட்டில் போடுகிறது. மூளை வேண்டும் வைக்கோல் பொம்மை, இதயம் வேண்டும் தகர மனிதன், துணிவு வேண்டும் சிங்கம் ஆகிய மூவரோடும் அவள் மந்திரவாதியைத் தேடிச் செல்கிறாள். அவள் வேண்டுவது ஒன்றே: வீடு திரும்புதல்.

இந்நூலின் முதல் அத்தியாயம் குழந்தை இலக்கியத்தில் காண்பதற்கு அரிய ஒரு கடுமையோடு தொடங்குகிறது. கான்ஸாஸில் நிலம் சாம்பல் நிறம். புல் சாம்பல் நிறம். வீட்டின் சாயமும் வெயிலில் வெளுத்து மழையில் கரைந்து சாம்பல் நிறம். மணமாகி வந்தபொழுது அழகியாக இருந்த அத்தையின் கண்ணிலும் கன்னத்திலும் இருந்த நிறத்தையும் அந்த வெயிலும் காற்றுமே உறிஞ்சிவிட்டன. மாமா காலை முதல் இரவு வரை உழைக்கிறார், சிரிப்பதே இல்லை. இதனை எழுதியவர் வறட்சியை நேரில் கண்டவர். 1888 முதல் 1891 வரை டகோட்டா நாட்டின் அபெர்டீன் என்னும் சிற்றூரில் கடை வைத்து நொடித்து, பத்திரிகை நடத்தி அதையும் இழந்து, பின்னர் சிகாகோ நகருக்குப் பிழைக்கச் சென்றவர் பாம்.

எம்.ஜி.எம். நிறுவனம் 1939இல் இக்கதையைத் திரைப்படமாக்கியது. இயக்குநராகப் பெயர் பெற்றவர் விக்டர் ஃபிளெமிங். டாரதியாக நடித்தவர் ஜூடி கார்லண்ட். பாமின் சாம்பல் நிறத்தை இப்படம் கையாண்ட விதம் மேதைமை வாய்ந்தது. கான்ஸாஸ் காட்சிகள் முழுவதும் மங்கிய பழுப்பு நிறத்தில் ஓடுகின்றன. வீடு ஓஸ் நாட்டில் வந்து விழுந்த பின், டாரதி கதவைத் திறக்கிறாள். கதவுக்கு அப்பால் டெக்னிகலரின் முழு வண்ணமும் பொங்குகிறது. ஓர் அத்தியாயம் முழுவதும் பாம் செய்த வேலையை ஒரு கதவு செய்துவிடுகிறது. புதினத்தில் வெள்ளியாக இருந்த மந்திரக் காலணி படத்தில் மாணிக்கச் சிவப்பாக மாறியதும் இந்த வண்ணத்தின் பொருட்டே. இதில் குறை காண்பது தணிக்கையாளரின் வேலை. நாம் அதைச் செய்ய வேண்டியதில்லை.

மீட்சியில்தான் இரு வடிவங்களும் பிரிகின்றன. புதினத்தில் டாரதி காலணியின் குதிகளை மும்முறை தட்டி வான்வழியே பறந்து கான்ஸாஸ் புல்வெளியில் வந்து உருள்கிறாள். நிமிர்ந்து பார்க்கும்பொழுது அவள் கண்ணில் படுவது பழைய வீடன்று. சூறாவளி கொண்டுபோன வீட்டுக்குப் பதிலாக மாமா கட்டிய புதிய வீடு. காலணிகளோ வரும் வழியில் பாலைவனத்தில் விழுந்து தொலைந்துவிட்டன. இவ்விரண்டு சிறு செய்திகளையும் பாம் போகிற போக்கில் சொல்கிறார்; ஆனால் நூலின் நேர்மை முழுவதும் இவற்றில் இருக்கிறது. போனது மெய், ஆதலால் இழப்பும் மெய். அவள் இல்லாத காலத்தில் இங்கேயும் வாழ்க்கை நடந்திருக்கிறது. பெரியவர்கள் மண் சுமந்து, மரம் அறுத்து, அவளுக்குத் தெரியாத ஒரு வீட்டைக் கட்டியிருக்கிறார்கள்.

படத்தில் அந்தப் புதிய வீடு இல்லை. டாரதி தன் பழைய கட்டிலில் கண் விழிக்கிறாள். தலையில் அடிபட்டு மயங்கிக் கிடந்தாளாம், கண்டதெல்லாம் கனவாம். தகர மனிதனும் சிங்கமும் பண்ணையாட்களின் முகத்தோடு சுற்றி நிற்கிறார்கள். தன் வீட்டுக்கு நிகரான இடம் வேறில்லை என்னும் கருத்தை அவள் உறுதிப்படுத்துவதோடு படம் முடிகிறது. இக்கருத்தைப் பாமின் டாரதியும் கொண்டிருக்கிறாள் என்பது உண்மையே. ஆயினும் அவள் அதைச் சொல்வது, சாம்பல் நிறத்தையும் வறுமையையும் மறைக்காமல், அவற்றை அறிந்தே சொல்வது. படத்து டாரதியோ எதையும் இழக்காமல் சொல்கிறாள். படத்தின் தொடக்கத்தில் அவளது நாய்க்குட்டியைப் பறிக்க ஆணையோடு வந்த பக்கத்துச் சீமாட்டி என்ன ஆனாள் என்ற கேள்விக்கும் இறுதியில் விடை இல்லை. கனவு கலைந்ததும் நனவின் சிக்கலும் கலைந்துவிட்டதாகக் கொள்ள வேண்டும் போலும்!

பம்பாயில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த எழுத்தாளர் சல்மான் ருஷ்தி, 1992இல் இப்படத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். படத்தின் உயிர்த்துடிப்பு வீடு திரும்புவதில் இல்லை, வீட்டை விட்டுப் போவதில்தான் இருக்கிறது என்பது அவர் கட்சி. ஜூடி கார்லண்ட் வானவில்லுக்கு அப்பாலுள்ள நாட்டைப் பாடும் பாட்டைக் கேட்டவர்கள் அதை மறுக்க மாட்டார்கள். ஆயினும் நான் கூற விரும்புவது வேறு. மீட்சியின் மேல் படத்துக்குப் பற்று இல்லாமல் இல்லை. மீட்சிக்கு ஒரு விலை உண்டு என்பதை ஏற்கத்தான் அதற்கு மனமில்லை.

அந்த விலை எவ்வளவு என்பதைப் பாம் 1910இல் எழுதிய 'ஓஸ் நாட்டின் மரகத நகரம்' என்னும் நூலில் காணலாம். அந்தப் புதிய வீட்டைக் கட்ட மாமா கடன் வாங்கியிருக்கிறார். பின்னர் அவர் நோயுற்று, மருத்துவர் சொற்படி கடற்பயணம் மேற்கொண்டதிலும் பணம் கரைந்தது. கடனை அடைக்க வழியில்லை. பண்ணை கைவிட்டுப் போகும் நிலை. டாரதி அத்தையையும் மாமாவையும் ஓஸ் நாட்டுக்கே அழைத்துக்கொண்டு போய் நிலையாகக் குடியேறிவிடுகிறாள். அரண்மனையின் பட்டாடையும் பளிங்குத் தரையும் அம்முதியவர்களுக்கு ஒட்டவில்லை. சும்மா இருக்கக் கை பழகவில்லை. கடைசியில் அரசியின் காலுறைகளைத் தைக்கும் பணி அத்தைக்குத் தரப்படுகிறது. ஊரிலிருந்து வயதான பெற்றோரை அழைத்து வந்து அரசுக் குடியிருப்பின் இரண்டு அறைகளில் வைத்திருக்கும் அன்பர்களுக்கு இப்பகுதிக்கு உரை தேவைப்படாது. வந்த மறுநாளே, இந்தக் கீரையை நான் ஆய்கிறேன், கொடு என்று கேட்ட தாய்மார் நம் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு.

வெட்டுண்ட மரம்

இரண்டாவது எடுத்துக்காட்டு ஆங்கிலப் பேராசிரியர் டோல்கீன் எழுதிய 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்'. 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. நியூசிலாந்து இயக்குநர் பீட்டர் ஜாக்சன் இதனை 2001, 2002, 2003 ஆகிய ஆண்டுகளில் மூன்று படங்களாக வெளியிட்டார். மூன்றாவது படம் தான் போட்டியிட்ட ஆஸ்கார் விருதுகள் பதினொன்றையும் வென்றது.

ஷையர் என்னும் வளமான நாட்டில் ஹாபிட் என்னும் சிற்றுருவ மக்கள் வாழ்கிறார்கள். உண்பதிலும் தோட்டம் போடுவதிலும் நாட்டம் உள்ளவர்கள். வெளி உலகைப் பற்றிக் கவலை அற்றவர்கள். அவர்களுள் ஒருவனான ஃபிரோடோவிடம் தீமை முழுவதையும் அடக்கிய ஒரு மோதிரம் வந்து சேர்கிறது. அதைப் பிறந்த நெருப்பிலேயே இட்டு அழிக்க வேண்டும். அவனும் தோட்டக்காரன் சாமும், மெர்ரி, பிப்பின் என்னும் உறவினர் இருவரும் புறப்படுகிறார்கள். மோதிரம் அழிகிறது, பகைவன் வீழ்கிறான், நால்வரும் ஊர் திரும்புகிறார்கள்.

வேறொருவர் எழுதியிருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். டோல்கீன் மேலும் ஒரு நீண்ட அத்தியாயம் எழுதினார். ஆற்றுப்பாலத்தில் கதவு போட்டு அடைத்திருக்கிறார்கள். விடுதிகள் மூடப்பட்டிருக்கின்றன. சுவரெங்கும் விதிமுறைப் பட்டியல்கள். விளைந்த தானியத்தைப் பங்கிடுவதாகச் சொல்லி அள்ளிச் செல்கிறார்கள். பங்கு திரும்ப வருவதில்லை. மரங்கள் வெட்டுண்டு கிடக்கின்றன. பழைய ஆலை இருந்த இடத்தில் ஓடையைக் கெடுக்கும் பெரிய ஆலை. ஊரே கூடி விருந்துண்ட மரமும் வெட்டப்பட்டுக் கிடப்பதைக் கண்டு சாம் கலங்கி அழுகிறான். உலகைக் காக்கப் போனவர்கள் திரும்புவதற்குள், உள்ளூர்ப் பேராசைக்காரன் ஒருவனும், தோற்றோடிய மந்திரவாதி சாருமானும் ஊரைத் தின்றுவிட்டார்கள். நால்வரும் மக்களைத் திரட்டிப் போராடுகிறார்கள். அப்போரில் ஊரார் 19 பேர் இறக்கின்றனர்.

இங்கிலாந்தின் போர்க்காலத் துயரை உருவகமாகச் சொன்ன பகுதி இது என்று பலர் கருதினர். 1960களில் வந்த இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் டோல்கீன் அதனை மறுத்தார். அனுபவத்தில் இதற்கு வேர் உண்டு என்று மட்டும் ஒப்பினார். சிறுவனாகத் தாம் வாழ்ந்த நாட்டுப்புறம், தமக்குப் பத்து வயது நிரம்புவதற்கு முன்னரே அழிக்கப்பட்டு வந்ததை அவர் அங்கே நினைவுகூர்கிறார். ஊரை இழந்த ஒரு குழந்தையின் துயரம் அரை நூற்றாண்டுக்குப் பிறகு இந்த அத்தியாயமாகியிருக்கிறது.

ஜாக்சன் இந்த அத்தியாயத்தை அடியோடு விட்டுவிட்டார். முதல் படத்தில், மாயக்கண்ணாடி போன்ற நீர்ப்பரப்பில் ஷையர் எரிவதை ஃபிரோடோ ஒரு கணம் காண்கிறான். அது நிகழக்கூடியது என்ற அச்சமாகவே நின்றுவிடுகிறது, நிகழ்வதில்லை. நால்வரும் திரும்பும்பொழுது ஊர் விட்ட இடத்தில் அப்படியே இருக்கிறது: அதே வட்டக் கதவு, அதே பச்சைப் புல், அதே விடுதி.

இருப்பினும் ஜாக்சனுக்கு நியாயம் செய்ய வேண்டும். அந்த விடுதிக் காட்சி சாமானியமானதன்று. நால்வரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள். சுற்றிலும் ஊரார் ஒரு பெரிய பூசணிக்காயைப் போற்றிக்கொண்டிருக்கிறார்கள். இவர்கள் எங்கே போனார்கள், என்ன கண்டார்கள் என்று எவரும் கேட்கவில்லை. நால்வரும் ஒருவரையொருவர் பார்த்து, சொல்லின்றிக் கோப்பைகளை உயர்த்துகிறார்கள். ஊர் மாறவில்லை, போனவன்தான் மாறிவிட்டான் என்பதை ஒரு வசனமும் இல்லாமல் இக்காட்சி உணர்த்துகிறது. விடுமுறையில் ஊர் சென்று திண்ணையில் அமர்ந்து, வந்தவர்கள் எல்லாம் எப்போது வந்தாய், எப்போது போகிறாய் என்னும் இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொள்வதைக் கண்டவர்களுக்கு இந்த மௌனம் புரியும்.

ஆனால் இது பாதி உண்மையே. போனவன் மாறுகிறான், ஊரும் மாறுகிறது. அதைவிட முதன்மையான மற்றொன்றும் உண்டு. புதினத்தில் வன தேவி கலாத்ரியேல் சாமுக்கு ஒரு சிறு பெட்டி தருகிறாள். அதில் அவள் தோட்டத்து மண்ணும் ஒரு வெள்ளி விதையும் இருக்கின்றன. அழிந்த ஊருக்குத் திரும்பிய சாம், நட்ட கன்று ஒவ்வொன்றின் வேரிலும் அம்மண்ணில் ஓர் அணுவை இட்டுக்கொண்டே நாடு முழுவதும் நடக்கிறான். வெட்டுண்ட விருந்து மரத்தின் இடத்தில் விதையை ஊன்றுகிறான். வெளியே போய் வந்தவன் வெறுங்கையோடு வரவில்லை. போன இடத்து மண் அவன் ஊரைத் தளிர்க்க வைக்கிறது. படத்தில் சாமுக்குக் கிடைக்கும் பரிசு ஒரு கயிறு. ஊர் அழியாதபொழுது மண்ணுக்கு என்ன வேலை? துயரத்தை நீக்கியபொழுது அதற்கு வைத்திருந்த மருந்தையும் சேர்த்தே நீக்க நேர்ந்தது. ஓர் அத்தியாயத்தை விட்டதனால் நேர்ந்த உண்மையான நட்டம் இதுவே.

மறதி என்னும் நாணயம்

மூன்றாவது, ஜெர்மானிய எழுத்தாளர் மைக்கேல் எண்டே 1979இல் வெளியிட்ட 'முடிவிலாக் கதை'. இருபத்தாறு அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் அகர வரிசைப்படி அடுத்தடுத்த எழுத்தில் தொடங்கும். மனித உலகில் நிகழ்வன ஒரு வண்ண மையிலும், அற்புத உலகில் நிகழ்வன மற்றொரு வண்ண மையிலும் அச்சிடப்பட்டன.

தாயை இழந்த பாஸ்டியன் என்னும் சிறுவன், துயரத்தால் வாய் மூடிப்போன தந்தையோடு வாழ்கிறான். ஒரு பழைய புத்தகக் கடையிலிருந்து நூலொன்றைத் திருடிப் பள்ளியின் பரண் அறையில் ஒளிந்து படிக்கிறான். அந்நூலின் உலகம் வெறுமையால் அழிந்துகொண்டிருக்கிறது. அத்ரேயு என்னும் வீரச் சிறுவன் அதைக் காக்க அலைகிறான். இறுதியில், படிக்கும் பாஸ்டியனே நூலுக்குள் புகுந்து, அதன் அரசிக்குப் புதுப் பெயர் சூட்டி அவ்வுலகைக் காக்கிறான். இது நூலின் முற்பாதி.

பிற்பாதியில்தான் எண்டே தம் நியதியை வெளியிடுகிறார். பாஸ்டியன் கழுத்தில் ஒரு பதக்கம் இருக்கிறது. அவன் விரும்பியதெல்லாம் நிறைவேறும். ஆனால் நிறைவேறும் ஒவ்வொரு விருப்பத்துக்கும் அவன் பழைய உலகத்து நினைவொன்று அழியும். அழகனாக விரும்பினான், பருத்த உடல் கொண்ட பையனாகத் தான் இருந்ததை மறந்தான். பள்ளியும் தெருவும் மறைந்தன. நினைவு முற்றும் தீர்ந்தவனுக்கு விருப்பமும் தீரும். பிறகு அவன் என்றும் திரும்ப இயலாது. அவ்வாறு சிக்கியவர்கள் வாழும் நகரம் ஒன்று உண்டு. கதை சொல்லும் ஆற்றலை இழந்த அவர்கள், எழுத்துப் பொறித்த பகடைகளை உருட்டி உருட்டிச் சொற்கள் அமைகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தாய்மொழி எழுத்துகள் பொம்மைகளாகிவிட்ட தலைமுறைக்கு இதைக் காட்டிலும் கொடிய உருவகம் ஒன்றை நான் படித்ததில்லை.

இறுதியில் பாஸ்டியன் தாய் தந்தையரையும் மறக்கிறான். மறந்த கனவுகளின் சுரங்கத்தில் இருளில் தோண்டித் தோண்டி, ஒரு மனிதரின் உருவத்தை எடுக்கிறான். யாரென்று தெரியவில்லை, ஆயினும் அவர்பால் அன்பு பொங்குகிறது. அந்த அன்புக்கு விலையாகத் தன் பெயரையும் கொடுக்கிறான். உயிர்நீர் ஊற்றின் முன் அவன் பெயர் கேட்கப்படும்பொழுது விடை சொல்ல அவனால் இயலவில்லை. அவனுக்காக அத்ரேயு பெயரைச் சொல்கிறான். மறந்தவனின் நினைவைத் தன் நெஞ்சில் வைத்துக் காத்த நண்பன் அவன். ஊற்றில் நீராடி மீண்ட பாஸ்டியன் தந்தைக்கென உயிர்நீரைக் கையில் ஏந்துகிறான். அது வழியிலேயே சிந்திவிடுகிறது. வீடு சேர்ந்து நடந்ததைச் சொன்னபொழுது தந்தையின் கண்களில் நீர் வருகிறது. கொண்டுவந்து சேர்த்த நீர் அதுதான்.

வொல்ஃப்காங் பீட்டர்சன் 1984இல் இயக்கிய படம் முற்பாதியோடு நின்றது. படத்தின் பாஸ்டியன் பறக்கும் நாகத்தின் மேல் ஏறித் தன் நகரத்துக்கே வந்து, தன்னைத் துன்புறுத்திய பையன்களைத் துரத்துகிறான். பின்னர் அவன் பல விருப்பங்கள் பெற்று இறுதியில் தன் உலகுக்குத் திரும்பினான் என்று ஒரு குரல் ஒரு வாக்கியத்தில் சொல்லி முடிக்கிறது. பதின்மூன்று அத்தியாயங்களின் வேதனை ஒரு வாக்கியமாகியது. தந்தையின் கண்ணீருக்கு இடமே இல்லை. எண்டே மனம் கொதித்து வழக்குத் தொடர்ந்தார், தோற்றார்.

1990இல் வந்த இரண்டாம் படம் மறதியைத் தொட்டது. அங்கே நினைவுகளைப் பறிப்பது ஒரு சூனியக்காரி வைத்த இயந்திரம். வேறுபாடு சிறிதாகத் தோன்றும். பொருளில் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. இயந்திரத்தை உடைத்தால் நினைவைக் காக்கலாம், குற்றவாளியும் வேறொருவர். எண்டேயின் நூலில் குற்றவாளி யாரும் இல்லை. விரும்பியதைப் பெறுவதற்கு விலை அது. செலுத்துபவன் மகிழ்ச்சியோடு செலுத்துகிறான், செலுத்துவதை அறியாமலே.

திரைக்கு உரிய நியாயம்

இவற்றால் திரைக்கலை இழிந்தது, எழுத்துக்கலை உயர்ந்தது என்று முடிவு கட்டலாகாது. உச்சக்கட்டம் முடிந்த பின் கொட்டகையில் அமர்ந்திருப்பவர் எழத் தொடங்கிவிடுகிறார். மோதிரம் அழிந்த பிறகு மீண்டும் ஒரு போர் என்றால் அவர் பொறுமை தாங்குமா? புதினத்தைப் படிப்பவன் மூடி வைத்து மறுநாள் தொடரலாம்; திரை அந்த இடைவெளியைத் தருவதில்லை. இது கலையின் இயல்பால் வந்த கட்டுப்பாடு.

ஆயினும் இக்கட்டுப்பாடு மீற முடியாதது அன்று. ஜாக்சனின் விடுதிக் காட்சி சில மணித்துளிகளே ஓடுகிறது. ஒரு மௌனம் செய்யக்கூடியதை அது காட்டிவிட்டது. வெட்டுண்ட ஒரு மரத்தையும், அதன் அருகே மண்டியிட்டு விதை ஊன்றும் சாமையும் காட்டவும் அவ்வளவு நேரம் போதும். 1939இன் டாரதி கண் விழித்து எழுந்து, அறியாத ஒரு வாசற்படியில் கால் வைப்பதாக முடிக்க ஒரு காட்சி போதும். 1985இல் வால்டர் மர்ச் இயக்கிய 'ஓஸ் நாட்டுக்குத் திரும்புதல்' என்னும் படத்தில், சூறாவளிக்குப் பின் கட்டி முடியாத வீடு காட்டப்பட்டது. அப்படம் வசூலில் தோற்றது. ஆனால் பாமின் கான்ஸாஸுக்கு நெருங்கி வந்தது அதுவே. ஆக, நேரம் போதாமை ஒரு காரணமே தவிர முழுக் காரணம் அன்று. வீடு அப்படியே இருக்கிறது என்று கேட்க நாம் விரும்புகிறோம். விரும்புவதைத் திரை தருகிறது.

இதில் நமக்கும் பங்கு உண்டு. நம் பிள்ளைகளுக்கு நாம் ஊரைப் பற்றிச் சொல்லும் கதையும் 1939இன் படத்தைப் போன்றதே. வண்ணத்தை மட்டும் இடம் மாற்றிக்கொண்டோம். இங்கே பழுப்பு, அங்கே டெக்னிகலர். வாய்க்காலும் தேர்த் திருவிழாவும் மாந்தோப்பும் நாம் விட்ட இடத்திலேயே நிற்பதாகச் சொல்கிறோம். பிள்ளைகளோ கோடை விடுமுறையில் அங்கே போய்த் தூர்ந்த வாய்க்காலையும், தோப்பு இருந்த இடத்தில் மனைப்பிரிவுக் கற்களையும் காண்கிறார்கள். மேலும், அவர்களுக்கு இந்நகரமே வீடு. நம் ஊர்தான் புறப்பட்டுப் போய் மீளும் அயல்நாடு. ஒரே கூரையின்கீழ் பெற்றோரின் கான்ஸாஸ் பிள்ளைகளின் ஓஸாக இருக்கிறது. நாம் சொன்னதற்கும் அவர்கள் கண்டதற்கும் இடையேயுள்ள தொலைவை விளக்காமல் விட்டால், அவர்கள் ஊரை மட்டுமல்ல, நம் சொல்லையும் நம்பாமல் போவார்கள்.

ஆகவே நம் இல்லங்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்படங்களைப் பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள். அவை பார்க்கத் தக்கவை. பார்த்த பின், அந்தந்த நூலின் மீட்சிப் பகுதியை மட்டுமாவது எடுத்து அவர்களோடு படியுங்கள். ஆங்கிலத்தில் படித்து வீட்டு மொழியில் சொன்னாலும் குற்றமில்லை. மாமா கட்டிய புதிய வீட்டையும், சாம் சுமந்து வந்த மண்ணையும், சுரங்கத்து உருவத்தையும் அவர்கள் அறியட்டும். ஊர் மாறும் என்று அறிந்த பிள்ளை ஊரை வெறுக்காது. அங்கே நடுவதற்கு ஏதேனும் விதை தன்னிடம் உண்டா என்று தேடும்.

தமிழ்ச் சங்கங்களின் பணி யாது என்று ஆண்டுதோறும் மேடைகளில் பேசுகிறோம். எண்டேயின் அத்ரேயு அதற்கு ஒரு விடை வைத்திருக்கிறான். விருப்பங்கள் நிறைவேற நிறைவேற நாம் ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றை மறந்துகொண்டே வருகிறோம். ஒருவன் மறந்ததை மற்றொருவன் நினைவில் வைத்திருக்கிறான். ஊற்றின் முன் நின்று பெயர் கேட்கப்படும் நாளில், நமக்காக விடை சொல்ல அருகில் ஒருவர் இருக்க வேண்டும்.